திரையில் எழுபது

இதய நோய்ப் பிரிவில் அவள் நர்ஸாகச் சேர்ந்து முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் 'சைரன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கட்டில் பக்கத்து மானிட்டர் லேசாகக் கத்தினாலே போதும், பெரிய சிஸ்டரை இழுத்துக்கொண்டு ஓடி வருவாள். வந்து பார்த்தால் நெஞ்சில் ஒட்டிய வயர் கழன்றிருக்கும்.

"இன்னொரு தடவை சும்மா கூப்பிட்டுப் பாரு, உன்னை இங்கேருந்தே தூக்கிடுவேன்," என்று அன்று காலை எல்லோர் முன்னாலும் பெரிய சிஸ்டர் சொல்லிவிட்டார். அவளுக்குக் கண் தளும்பிவிட்டது.

ஜன்னலோரக் கட்டிலில், பஸ் ஓட்டிய பெரியவர். அவர் இதயம் துடிக்க மறந்து மறந்து நிற்கும். அதனால் கழுத்து வழியாக ஒரு வயரை இதயத்துக்குள் விட்டு, வெளியே ஒரு சின்னப் பெட்டியில் மாட்டியிருந்தார்கள். அதுதான் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. தலைமாட்டுத் திரையில் பச்சைக் கோடு ஓடியது. ஓரத்தில், நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்ற எண்: எழுபது.

"விரல் கிளிப்பு அரிக்குதும்மா. கொஞ்சம் கழட்டேன்."

"கழட்டினா மானிட்டர் கத்துமே, தாத்தா."

"உன்னையே அடக்கிட்டாங்க, அதை அடக்க முடியாதா?"

சிரித்துவிட்டாள். விரலில் நாடி பார்க்கும் அந்தக் கிளிப்பைக் கழற்றி, கத்தலையும் அமுக்கினாள்.

மருந்து கொடுக்கத் திரும்பி வந்தபோது ஜன்னல் வெயில் அவர் முகத்திலேயே விழுந்து கிடந்தது. கண்கூடக் கூசவில்லை. திரையைப் பார்த்தாள். எழுபது. அசந்து தூங்குகிறார் என்று போர்வையை இழுத்துவிட்டாள். கை அவர் கையில் பட்டது. குழாயடிக் கல் மாதிரி சில்லென்று இருந்தது.

மணிக்கட்டைப் பிடித்தாள். ஒன்றுமில்லை. கழுத்தில் தேடினாள். அங்கும் ஒன்றுமில்லை. மானிட்டரோ டிக், டிக் என்று நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தது. இவள் விரல்தான் பொய் சொல்கிறதா? தன் கழுத்திலேயே வைத்துப் பார்த்தாள். உலக்கை போட்டு இடிப்பது போல் இடித்தது.

அப்படியானால் திரையில் ஓடுகிற துடிப்பு யாருடையது?

வேலை போனால் போகட்டும். "சிஸ்டர்!" அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டே கட்டிலில் ஏறி அவர் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள்.

"எழுபது ஓடுது, என்ன பண்ற நீ?" என்று ஓடி வந்தார் பெரிய சிஸ்டர்.

"கையைப் பிடிச்சுப் பாருங்க சிஸ்டர்! ஆள் இல்ல!"

பெரிய சிஸ்டர் பிடித்தார். முகம் வெளுத்துப்போனது. பாய்ந்து சின்னப் பெட்டியின் குமிழைத் திருகி, தட்டுகிற பலத்தைக் கூட்டினார். உள்ளே வயர் நகர்ந்திருந்தது. பெட்டி தட்டியும் இதயம் எழவில்லை. அந்த வெறும் தட்டலைத்தான் மானிட்டர் துடிப்பென்று எண்ணியிருக்கிறது.

அவள் அமுக்குவதை நிறுத்தி அவர் கழுத்தைத் தொட்டாள். விரலுக்கடியில் ஒரு துள்ளல். இன்னொன்று. பெரியவர் இருமிக்கொண்டே கண் திறந்தார்.

திரையில் எழுபது. அவர் போனதும் அதற்குத் தெரியாது, வந்ததும் தெரியாது.

டாக்டர் வந்து வயரைச் சரிசெய்துவிட்டுப் போனார். கிளிப்பை மறுபடி மாட்டியாயிற்று. பெரிய சிஸ்டர் திட்டவில்லை. "ஷிப்ட் முடிஞ்சுது, வீட்டுக்குப் போம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் பெரியவரின் மணிக்கட்டை விடவில்லை.

"விடும்மா, வலிக்குது. கட்டினவகூட இப்படிப் பிடிச்சதில்ல."

"கொஞ்சம் இருங்க தாத்தா."

"அதான் டிவியில நல்லா ஓடுதே."

அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.