குளிர்கால ஆற்றுக்கு நான் போடாத முடிச்சுகள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் வந்து மாட்டிக்கொண்டது. அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொல்லி, "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார். கொஞ்ச நாள் கழித்து அக்கா தனியாகக் கூப்பிட்டு வேறொரு விஷயம் சொல்லி, அதே வார்த்தைகளைச் சொன்னாள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இந்தக் கதை. கதை எழுதுகிறவனிடம் ரகசியம் சொல்லக் கூடாது என்பது இத்தனை வருஷத்தில் இருவருக்குமே உறைக்கவில்லை.

ஆரம்பத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

'பனி மூடிய மலைகளுக்கு நடுவே அந்த ஆறு...' அந்த ஆற்றை நான் பார்த்ததே இல்லை. அடித்துவிட்டேன்.

'அத்தானுக்கு மீன் என்றால் உயிர்.' சுத்தப் பொய். அவர் மீன் சாப்பிட மாட்டார். பிடித்து, கொக்கியைக் கழற்றி, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

'குளிர்காலத்தில் போய் யாராவது...' இது பாதியில் நின்றுவிட்டது. ஆனால் இந்தப் பாதி வாக்கியம்தான் சரியான ஆரம்பம் என்று இப்போது நினைக்கிறேன். நாளைக்கு வேறு மாதிரி நினைக்கலாம்.

2

அத்தான் செயற்கைப் பல் செய்பவர். அவர் செய்த ஒற்றைப் பல்லை மற்றப் பற்களோடு வைத்தால், எது சொந்தப் பல் என்று வாய்க்கு உரியவரே குழம்புவார். அப்படிப்பட்ட கை. அந்தக் கை ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை, ஈ கட்டுவது.

விளக்க வேண்டும். அவருடைய தூண்டிலில் புழு கிடையாது. ஒரு சின்னக் கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வார். அதற்குப் பெயர்தான் ஈ. அதை மெல்லிய நைலான் நரம்பின் நுனியில் முடிந்து ஆற்றில் வீசினால், மீன் நிஜப் பூச்சி என்று நம்பி வாயைத் திறக்கும். (பொய்யை நிஜம் போலக் கட்டுவது என் தொழிலும்கூட என்று இங்கே எழுதத் துடித்தேன். எதைப் பார்த்தாலும் தன்னைப் பற்றியதாகவே தோன்றுவது எழுதுகிறவர்களுக்கு உள்ள வியாதி. விட்டுவிடுகிறேன்.)

வழக்கமாகக் கோடையில் நண்பர்களோடு போவார். இந்த வருஷம் நண்பர்கள் போய் வந்துவிட்டார்கள், அவர் போகவில்லை. குளிர் ஆரம்பித்ததும் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து, உப்பு டப்பாவை ஒரு மூலையிலும் சர்க்கரை டப்பாவை மறு மூலையிலும் வைத்து அழுத்தினார்.

"குளிர்ல மீனெல்லாம் எங்க இருக்கும்?" என்றாள் அக்கா.

"ஆழத்துல அசையாம கிடக்கும். மத்தியானம் கொஞ்சம் வெயில் பட்டா வாயைத் திறக்கும்."

"அதுவரைக்கும் நீங்க?"

"தூண்டில் வளையத்துல தண்ணி உறைஞ்சுடும். அதை உடைச்சுக்கிட்டே நிக்கணும்."

"இதுக்குப் பேரு விடுமுறையா? இங்கயே ஃப்ரிட்ஜைத் திறந்து வச்சுக்கிட்டு முன்னாடி நில்லுங்களேன்."

அத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "தனியா இல்ல, மாப்ளேயும் வர்றான்" என்றார்.

மாப்ளே என்பது நான். நானும் போகிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

3

(அக்கா, நீ இதைப் படிக்கிறாய் என்றால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு நேராக நான்காவதற்குப் போ. உன் நன்மைக்குத்தான். என் நன்மைக்கும்.)

அத்தானின் வேலைக்கூடத்தில் சுவர் முழுக்கப் பலகைகள், பலகைகள் முழுக்க வெள்ளைச் சாந்தில் வார்த்த தாடைகள். யாரோ சொன்ன நகைச்சுவைக்கு ஊரே சேர்ந்து வாயைத் திறந்த மாதிரி இருக்கும். அவர் அரைக்கும் இயந்திரத்தை நிறுத்தினார். வலது கையை என் முன்னால் நீட்டினார்.

"பாரு."

கட்டைவிரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. கூடவே ஆள்காட்டி விரலும்.

"டீ அதிகமா குடிக்கிறீங்க."

"டீயை விட்டுப் பார்த்துட்டேன்."

"டாக்டர்கிட்ட..."

"போனா அதுக்கு ஒரு பேர் வச்சிருவாங்க மாப்ளே. பேர் வச்சா அப்புறம் அது வீட்டுல ஒரு ஆளாயிடும். உங்க அக்காவுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்."

வேலையைச் சமாளித்துவிடுகிறாராம். முழங்கையை மேஜையில் ஊன்றினால் நடுக்கம் அடங்கிவிடும். ஈயையும் அப்படியே ஊன்றிக் கட்டிவிட்டார். ஆற்றுக்கு நடுவில் ஊன்ற மேஜை இல்லை. அங்கே ஈயை நரம்பில் முடிவது அந்தரத்தில், இரண்டு கைகளாலும் செய்கிற வேலை. குளிர்காலத்து ஈ கொசு அளவுதான் இருக்கும். அதன் கொக்கியில் ஊசிக்காது போல இருக்கும் காதில் நரம்பைக் கோக்க வேண்டும்.

"அப்போ ஏன் போறீங்க? அதுவும் குளிர்ல?"

"கோடையில கூட வர்றவன் எல்லாம் என் கையைப் பார்ப்பான். குளிர்ல எல்லாருக்கும் கை நடுங்கும்டா. ஒருத்தனும் ஏன்னு கேட்க மாட்டான்."

இந்த வாக்கியத்துக்குப் பிறகு ஏதாவது அழகாக எழுத முயன்றேன். ஒன்றும்...

என் வேலை என்னவென்று அவரே சொன்னார். ஆற்றில் அவருக்குப் பதிலாக நான் முடிச்சுப் போட வேண்டும். அங்கேயே பாடம் நடந்தது. நரம்பைக் காதில் நுழை, நாலைந்து முறை முறுக்கு, நுனியைத் திருப்பி வளையத்தில் விடு.

"இழு... இரு, இரு! எச்சில் தொடாம இழுக்காதே. வாயில வச்சு ஈரம் பண்ணிட்டு மெதுவா இழு. காய்ஞ்ச நரம்பை இழுத்தா உரசி வெந்துபோயிடும். பார்க்க லட்சணமாத்தான் இருக்கும், மீன் ஒரு இழு இழுத்தா டப்புன்னு போயிடும்."

அந்த வாரம் முழுக்க வீட்டுச் சாவியில் முடிச்சுப் போட்டுப் பழகினேன். சாவி வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது.

4

(அத்தான், இது நீங்கள் தாண்டிப் போக வேண்டிய இடம். அக்கா, வந்துவிட்டாயா? நீ படிக்கலாம், இது உன்னுடையதுதான்.)

அக்கா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். டாக்டர் கையை நீட்டினால் கேட்காமலே சரியான நூலையும் ஊசியையும் அந்தக் கையில் வைப்பது அவள் வேலை. அதாவது பகல் முழுக்க மற்றவர்களின் கையையே பார்க்கிற வேலை. அவளிடம் போய் அத்தான் தன் கையை மறைத்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் புத்தி மேல் எனக்கே சந்தேகம் வருகிறது.

ஆஸ்பத்திரி கேன்டீனில், தட்டுகள் மோதும் சத்தத்துக்கு நடுவே சொன்னாள். "அவருக்குக் கை நடுங்குது. உனக்குத் தெரியாது."

நான் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டேன். "எப்போ கண்டுபிடிச்ச?"

"காபியைப் பாதி டம்ளர்தான் ஊத்திக்கிறார். சிந்தாம இருக்கறதுக்கு. அன்னைக்கே தெரியும்."

"டாக்டரைப் பாருங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நானா போய்ச் சொன்னா நான் நர்ஸ். அவரா வந்து என்கிட்ட சொன்னா நான் பொண்டாட்டி. சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருக்கேன். இந்தக் குளிர்காலம் வரைக்கும்தான். அதுக்கு மேல நானே கூட்டிட்டுப் போயிடுவேன்." குரல் உடைந்தது. கேன்டீன்காரர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு பையிலிருந்து ஒரு ஈயை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரு சாண் நரம்பில் ஏற்கெனவே முடிச்சிட்டிருந்தது. நரம்பின் மறுமுனையில் ஒரு சுருக்கு. சுருக்கைத் தூண்டிலில் மாட்டினால் போதும், ஆற்றில் முடிச்சே போட வேண்டாம். அத்தான் ஈ வைக்கும் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் இப்படிச் செய்துவைத்திருக்கிறாள், அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

"பெட்டியைத் திறந்து பார்த்துட்டு யார் பண்ணதுன்னு கேட்டா, நீ பண்ணதா சொல்லு. ஆர்வத்துல கத்துக்கிட்டேன்னு சொல்லு."

"இவ்வளவு அழகா நான் கட்டுவேன்னு நம்புவாரா?"

"டாக்டருங்க போடற முடிச்சு மாதிரிதான்டா. கையுறை போட்டுத்தான் கட்டினேன், ஒரு இடத்துல வாய் வைக்கல, சுத்தமா இருக்கு." முதல்முறையாக அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

நான் தலையாட்டினேன். அந்த ஈயை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது. இருவர் பொய்யும் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகிறது! அவர் என்னைக் கட்டச் சொல்கிறார், இவள் நான் கட்டியதாகச் சொல்லச் சொல்கிறாள். நான் சும்மா இருந்தாலே கதை சுபமாக முடியும்.

5

வீட்டுக்கு வந்து அந்த ஈயைப் பிடித்து இழுத்தேன். டப்பென்று போய்விட்டது.

(வாய் வைக்கவில்லை. சுத்தமாகக் கட்டியிருக்கிறாள். அக்காவைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாத தவறு.)

இங்கேதான் கதை எழுத முடியாமல் நின்றுபோனது. 'எச்சில் தொட்டுக் கட்டு அக்கா' என்று சொல்லலாம். உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பாள். புத்தகத்தில் படித்தேன் என்றால் எந்தப் புத்தகம் என்பாள். அக்கா கேட்பாள், உங்களுக்கு அவளைத் தெரியாது. அத்தானிடம் சொன்னால், அக்காவுக்குத் தெரியும் என்பது தெரிந்துவிடும். அவராகச் சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்ததெல்லாம் வீண்.

ஒருமுறை அக்காவுக்குப் போன் செய்தேன். எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் கம்பளிக் காலுறை பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். மறுபடி செய்தபோதும் காலுறைதான். "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

தம்பி என்கிற இந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டு எழுதினால் என்ன என்றும் யோசித்தேன். எடுத்தால் ரகசியம் இரண்டும் போகும், காரை ஓட்ட ஆள் இருக்காது. வேறு வழியில்லாமல் வைத்திருக்கிறேன். நாமே முடிச்சை மாற்றிப் போட்டுவிடலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போய், யாரும் பார்க்காதபோது பெட்டியைத் திறந்து, முதல் கொக்கியைக் கட்டைவிரலில் ஏற்றிக்கொண்டேன். அக்காதான் எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டாள். என்ன செய்துகொண்டிருந்தாய் என்று மட்டும் கேட்கவில்லை.

6

(இந்தப் பகுதியை இருவரும் படிக்கலாம். இருவரும் அங்கேதான் இருந்தீர்கள்.)

கிளம்புகிற காலை. காரின் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருந்த பனியைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினேன். பின்சீட்டில், ஆற்றில் இறங்கி நிற்கப் போடும், மார்புவரை வருகிற ரப்பர் கால்சட்டைகள் இரண்டும் ஆட்கள் போலச் சாய்ந்திருந்தன. நான் ஸ்டியரிங்கில். அத்தான் பக்கத்தில், மடியில் ஈப்பெட்டி. அக்கா அவர் பக்கத்தில் பாதி இறக்கிய கண்ணாடிக்கு வெளியே, கையில் பிளாஸ்க்கோடு.

"ஊறுகாய் பாட்டிலைத் திறக்கற மாதிரி திருகாதீங்க. மூடி லூசாத்தான் இருக்கு, லேசா திருகினா வந்துடும்" என்றாள். அத்தான், "சரி, சரி" என்றார். இருவரும் கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

கிளம்புமுன் முடிச்சுகளைச் சோதிப்பது அவர் பழக்கமாம். எனக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்தார். வரிசையாக ஈக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே நீளத்தில் நரம்பு, நுனிகள் எல்லாம் ஒரே அளவில் வெட்டியிருந்தன. ஒன்றை எடுத்து இழுத்தார். போய்விட்டது. இன்னொன்றை இழுத்தார். அதுவும் போனது.

உரசி வெந்து அறுந்திருந்த நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நாக்கில் தொட்டுப் பார்த்தார். மூன்றாவதை எடுத்தார். இழுக்கவில்லை. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, மூடியைச் சத்தமில்லாமல் மூடினார்.

பிறகு என் கட்டைவிரலில் அக்கா போட்ட கட்டைப் பார்த்தார்.

"மாப்ளே, இதெல்லாம் நீ கட்டினதா?"

7

முதல் முடிவு: "ஆமா" என்கிறேன். கார் கிளம்புகிறது. ஆற்றில் ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு ஈயை எடுத்துக்கொண்டு போகிறது. என்னைத் திட்டித் தீர்க்கிறார். குளிர்காலம் முடிகிற வரை அக்கா காத்திருக்கிறாள். இதை எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

இரண்டாம் முடிவு: "இல்லை" என்கிறேன். அவர் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்க்கிறார். அவராகச் சொல்லும் வாய்ப்பை நான் பிடுங்கிக்கொண்டேன். இது அதைவிட மோசம்.

மூன்றாவதில் நான் எதுவும் சொல்வதில்லை. அவர் கண்ணாடியை முழுக்க இறக்கி, அக்காவிடம் கையை நீட்டி... இதற்கு மேல் எழுதினால் அவர் செய்யாததை நான் செய்ததாகிவிடும். யார் கட்டினது என்று உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாரா, தெரிந்துகொண்டு எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாரா என்பதுகூட எனக்கு இன்னும் புரியவில்லை.

அதனால் இனி நீங்கள் இந்தப் பக்கம் வந்து ஸ்டியரிங்கில் உட்காருங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தான் உங்களைப் பார்க்கிறார், அக்காவும் குனிந்து உங்களையே பார்க்கிறாள். ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டும். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள், அக்கா கையில் பிளாஸ்க்கின் மூடி கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கிறது. குளிராகத்தான் இருக்கும்.