பச்சை நூல் முடிச்சு

எங்கள் மகள் மஹ்விஷின் கல்யாண ஜாக்கெட்டைத் தன் கையால் தைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் உமர் ஃபாரூக்குக்கு இருந்த ஒரே ஆசை அது. ஹார்ட் ஆபரேஷனுக்குப் பிறகு தி.நகர் தையற்கடையைப் பெயரோடு சேர்த்து அய்யாதுரை அண்ணாச்சிக்கு விற்றபோதும் அதைத்தான் சொன்னார். ஐந்து வருஷத்துக்குச் சுற்றுவட்டாரத்தில் ஜாக்கெட் தைக்கும் தொழில் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மேற்கு மாம்பலம் வீட்டில் சும்மா உட்கார அந்த மனிதருக்கு எங்கே வரும்? பழைய வாடிக்கைக்காரி சுந்தரவல்லி, மகள் தாரணியின் முகூர்த்த ஜாக்கெட் துணியோடு வந்து நின்றதும் உருகிவிட்டார். "காசு வாங்கினாத்தானே தொழிலு, குல்ஷன்?" என்று எனக்கே சட்டம் சொன்னார். அப்புறம் இன்னும் சிலர் வந்தார்கள். ஒருத்தி ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தாள், ஒருத்தி எனக்குப் புடவை கொடுத்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். புடவையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கல்யாண ஜாக்கெட் என்றால் கொக்கிப் பட்டிக்கு உள்ளே பச்சை நூலில் ஒரு முடிச்சுப் போட்டு, அந்தப் பெண் நல்லா இருக்கணும் என்று மனசுக்குள் துஆ செய்வார். மற்ற ஜாக்கெட்டில் போட மாட்டார். தாரணிக்கு ஜாக்கெட்டின் கை இறுக்கமாக இருந்தது. இவர் செக்கப்புக்குப் போயிருந்த நாளில், அவசரத்துக்கு சுந்தரவல்லி அதைத் தி.நகர் கடைக்கே கொண்டுபோய்விட்டாள். பிரிப்பதற்காகத் திருப்பிய அண்ணாச்சி முடிச்சைப் பார்த்தார்; தைத்தது யார் என்று புரிந்துகொண்டு கேஸ் போட்டுவிட்டார்.

கோர்ட்டில் அவருடைய வக்கீல் அந்த ஜாக்கெட்டைக் காட்டி, "இது நீங்க தைச்சதா?" என்று கேட்டார்.

"வேற யாருக்கு சார் இப்படி வரும்?" என்றார் இவர்.

எங்கள் வக்கீல் ரகுபதி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சிக்கு நஷ்ட ஈடு, அதற்கு மேல் அவருடைய கோர்ட் செலவு, இரண்டும் எங்கள் தலையில் விழுந்தன. வீட்டை விற்றாலொழிய அடைக்க முடியாது.

ஆப்பிள் பையோடு அண்ணாச்சியே வந்தார். "வீட்டையெல்லாம் எதுக்கு பாய் விக்கிய? நம்ம கடைக்கு வாங்க. சம்பளத்துல கழிச்சுக்கிடலாம்லா?"

தான் வைத்த பெயர்ப் பலகைக்குக் கீழே, தன் பழைய மிஷினிலேயே இவர் கூலிக்கு உட்கார்ந்தார். வெளியே ஒரு தையல்கூடப் போட மாட்டேன் என்று மறுபடியும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வருகிற ஜாக்கெட் அத்தனையிலும் பச்சை முடிச்சுப் போடச் சொன்னார் அண்ணாச்சி. அதற்குத் தனி ரேட்.

மஹ்விஷின் ஜாக்கெட்டையும் அங்கேயே ஆர்டர் கொடுத்து, தானே தைத்து, பில்லோடு கொண்டுவந்தார். தையல் அவ்வளவு அழகு. ஆசையாக உள்ளே திருப்பிப் பார்த்தேன். முடிச்சு இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இன்னாங்க இது? ஊருக்கெல்லாம் போட்டுட்டு, பெத்த பொண்ணுக்குப் போடலியா?"

சட்டைகூட மாற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தார்.

"கை தானா முடிச்சு போடுது குல்ஷன். துஆதான் வரமாட்டேங்குது."