சுங்கமில்லாத நாலு மரம்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. ஐப்பசிப் புயலில் தேசப்பனுடைய கட்டுமரம் கடலோடு போய்விட்டது. உயிர் மட்டும் கரை சேர்ந்தது. ஏரியில் வலைபோடும் உரிமையான பாடெல்லாம் வேறு குடும்பங்களுடையது. அவனுக்குக் கடல்தான். கடலுக்குப் போகக் கட்டுமரம் வேண்டும். கட்டுமரத்துக்கு மரம் வேண்டும்.

அதனால் அவனும் மனைவி லோகநாயகியும் திருப்பாலைவனத்தில் சகாதேவன் என்கிற குடியானவரிடம் கழனி வேலைக்குப் போனார்கள். சேற்றில் நின்று பழகாத கால்கள் வெடித்துப் புண்ணாயின. நடவு, களை, அறுப்பு என்று ஒரு போகம் முழுக்க உழைத்தார்கள். கூலியாக நெல் கேட்கவில்லை. வரப்போரம் வளர்ந்து நின்ற நாலு மலைவேம்புகளைக் கேட்டார்கள். சகாதேவன் நல்ல மனுஷர். மரங்களைத் தானே ஆள் வைத்து வெட்டி, காயவைத்து, தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு கூட வந்தார்.

பழவேற்காட்டுக்குள் நுழையும் இடத்தில் சுங்கச்சாவடி. அங்கே உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் சாவடிப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியைச் சுற்றி வந்து மரங்களைத் தட்டிப் பார்த்தார்.

"காசு இருக்கா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப ஒரு மரத்தை இறக்கிடு. மூணை ஓட்டிக்கினு போ."

தேசப்பன் மரங்களின் மேல் கையை வைத்துக்கொண்டான். "மூணு மரத்துல கட்டுனா அலை தாங்காதுங்க. ஆளை வாரிக்கினு பூடும்."

"அதுக்கு நான் இன்னா பண்றது? எனக்கு மேல சுங்கக் குத்தகைக்காரர் கீறாரு. அவருக்கு நான் பதில் சொல்லணும்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோட்டைக்குப் போகும் விறகு வண்டிகள் வரிசையாகச் சாவடியைத் தாண்டின. பிள்ளை தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அதுங்களுக்கு மட்டும்?" என்றாள் லோகநாயகி.

"கோட்டை வாங்குற சரக்குக்குச் சுங்கம் கெடையாது. சாமிக்குப் போற சரக்குக்கும் கெடையாது. இந்த ரெண்டுக்குத்தான் விலக்கு. மத்ததெல்லாம் எறக்கணும்."

சகாதேவன் தேசப்பனைத் தனியே இழுத்துப் போனார். ஊர்ப் பெருமாள் கோவில் நிர்வாகத்தைப் பார்க்கும் மணியம் கோபாலாச்சாரி அவருக்குத் தெரிந்தவர். அறுப்பு முடிந்ததும் கோவிலுக்கு நெல் அளப்பவர் சகாதேவன். "ஆச்சாரி ஒரு வார்த்தை சொன்னா போதும், தேசப்பா. கோவிலுக்குப் போற மரம்னு உள்ள எடுத்துக்கலாம். அப்பறம் நீ உன் குப்பத்துக்கு உருட்டிக்கினு போ" என்றார்.

தேசப்பனுக்கு மனசு ஒப்பவில்லை. சாமி பேரில் பொய். ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. சரி என்று தலையாட்டினான்.

ஆச்சாரி இரக்கமுள்ளவர். நடந்ததைக் கேட்டுவிட்டு வெயிலில் நடந்தே சாவடிக்கு வந்தார். "கோவிலுக்கு வர்ற மரந்தான்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். சாவடிப் பிள்ளை எழுந்து நின்று கும்பிட்டார். பிறகு உள்ளே போய் அடுப்பில் கம்பியைப் போட்டார்.

"இன்னாத்துக்கு அது?" என்று கேட்டான் தேசப்பன்.

"முத்திரை வைக்காம அனுப்ப முடியாது. சுங்கம் கொடுக்காத மரம் யாரோடதுன்னு தெரிய வேணாமா?"

பழுக்கக் காய்ந்த கம்பியின் நுனியில் பெருமாள் கோவில் அடையாளமான சங்கு இருந்தது. ஒவ்வொரு மரமாகப் புகை எழும்ப அதை அழுத்தினார். நாலு மரத்திலும் நாலு சங்கு. ஆச்சாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் கோவில் முற்றத்தில் இறக்கிவைத்திருந்த மரங்களை எடுக்க, தேசப்பன் மைத்துனனையும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனான். சங்கைப் பார்த்ததும் ஆட்கள் இரண்டு பேரும் பின்வாங்கினார்கள்.

"பெருமாள் சங்கு மேல காலை வெச்சு மீன் புடிக்கச் சொல்றியா? எங்க ஊட்லயும் புள்ளைங்க கீதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மைத்துனனும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர்கள் பின்னாலேயே நடந்தான்.

ஆச்சாரி தேசப்பன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "வாச்சியால சங்கைச் செதுக்கி எடுத்துடு. நான் பார்க்கலன்னு இருந்துடறேன்."

தேசப்பன் வாச்சியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஓங்கும்போது சாவடியிலிருந்து ஆள் வந்துவிட்டான். கோவில் பேரில் வந்த மரம் வெளியே போனால், இனிமேல் கோவிலுக்கு வருகிற எண்ணெய், அரிசி, துணி எல்லாவற்றுக்கும் சுங்கம் வாங்குவதாகக் குத்தகைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆச்சாரியின் முகம் செத்துப்போயிற்று. தேசப்பன் வாச்சியைக் கீழே வைத்தான்.

நேரே சாவடிக்கு ஓடினான். "ஐயா, ஒரு மரத்தை நீங்களே எடுத்துக்குங்க. மூணைக் குடுங்க. மூணுலயே கட்டிக்கிறேன். கடலு வாரிக்கினு போனா போவட்டும்."

"சாமி மரத்துல நான் கை வெக்கறதா?" பிள்ளை பதறிப்போனார். "நேத்தே கேட்டேனே, எறக்குன்னு. இன்னிக்கு அது உன் மரமும் இல்ல, என் மரமும் இல்ல."

"நான் ஒழைச்ச மரம் ஐயா."

"தெரியும்ப்பா" என்றார் பிள்ளை. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "தெரிஞ்சு இன்னா பண்ணச் சொல்ற?"

ஒரு மாதத்துக்குத் தேசப்பன் கோவிலுக்கும் சாவடிக்கும் நடந்தான். கோட்டையில் ஒல்லாந்தருக்கு மொழிபெயர்க்கும் துபாஷியைப் பிடித்தால் காரியம் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். வெயிலில் கோட்டை வாசலில் காத்துக்கிடந்தான். துபாஷி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதல்லயே கோட்டைக்கு வித்திருந்தா சுங்கம் வந்திருக்காது" என்றார். "வித்தா மரம் எனக்கு எப்பிடிங்க கெடைக்கும்?" என்று கேட்டான் தேசப்பன். "கெடைக்காதுதான்" என்றார் துபாஷி.

சகாதேவன் ஒருமுறை வந்து கோவில் முற்றத்தில் நின்றார். வேறு மரம் தரலாமென்றால் வரப்பில் மரமில்லை. தேசப்பன் தோளில் கை வைத்தார். பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டார்.

வைகாசியில் தெப்போற்சவம். முற்றத்தில் நல்ல மரங்கள் சும்மா கிடக்கின்றனவே என்று ஊர்ப் பெரியவர்கள் அவற்றைத் தெப்பத்துக்குக் கட்டச் சொன்னார்கள். ஆச்சாரி தடுக்கவில்லை. எதைச் சொல்லித் தடுப்பார்? அவரால் முடிந்ததைச் செய்தார். மரம் கொடுத்தவன் என்று தேசப்பனைக் கூப்பிட்டுப் பட்டுத்துணியைத் தலையில் கட்டச் செய்தார். "தேசப்பன் உபயம்" என்று உரக்கச் சொன்னார்கள். கூட்டம் கும்பிட்டது. குப்பத்துக்காரனுக்கு இப்படி ஒரு மரியாதை அதற்கு முன் நடந்ததில்லை.

தேசப்பன் கை கூப்பியபடியே நின்றான். மறுக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. குளத்தில் தெப்பம் ஆடாமல் அசையாமல் அழகாக மிதந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் லோகநாயகி கேட்டாள். "அம்மாம் பேரு முன்னால, இது எங்க மரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாயா?"

"சாமியைப் பார்த்தா சொல்லச் சொல்ற?"

அவள் அந்தத் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த வாரம் தேசப்பன் அங்கமுத்துவின் கட்டுமரத்தில் கூலிக்குத் துடுப்புப் போடப் போனான். அங்கமுத்து அவனைவிட வயதில் சிறியவன். பாதிப் பங்குதான் தருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

"குடுக்கறதைக் குடு" என்றான் தேசப்பன். பின்பக்கம் ஏறி உட்கார்ந்து துடுப்பை எடுத்தான்.