சமையலறைக்குப் பின்னால் முளைத்த அறைகள்

எக்ஸ்ரேக்காரி மெமரி சிப் கம்பெனியின் பங்குகளை வாங்கிய மறுநாள் காலை, மூன்றாம் மாடியிலிருந்த அவளது சின்ன வீட்டின் சமையலறைச் சுவரில் புதிதாக ஒரு கதவு இருந்தது. திறந்தால் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை, ஃபேன் மாட்டக் கொக்கியோடு. தெருவிலிருந்து பார்த்தால் அதே வெளிச்சுவர், அதே மழைநீர்க் குழாய். வீட்டுக்காரர் டேப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு, வாடகையை ஏற்ற வழி தெரியாமல் இறங்கிப் போனார்.

அவள் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில், படங்களைத் தானே படித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மெஷின் வந்து இறங்கியபோதே பாதிப் பேருக்கு வேலை போகும் என்று தெரிந்துவிட்டது. மற்றவர்கள் மேனேஜரைப் பார்க்கப் போனார்கள். அவள் மெஷினை மாட்ட வந்த இன்ஜினியரிடம், இது எதைத் தின்னும் என்று கேட்டாள். "மெமரிதான்க்கா. எவ்வளவு குடுத்தாலும் பத்தாது. உலகம் பூரா இதே கதைதான்" என்றான் அவன். அன்று சாயங்காலமே சேமிப்பு முழுவதையும் பங்குகளாக மாற்றினாள். கணவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "என் வேலையைத் திங்க வந்ததுதானே. சோத்துக்கு என்கிட்ட வரட்டும்" என்றாள்.

விலை ஏற ஏற அறைகள் பெருகின. மூன்றாவதில் பால்கனிகூட இருந்தது. நாத்தனார் பிள்ளைகளோடும் தையல் மெஷினோடும் வந்து அதில் தங்கிவிட்டாள். இரண்டாம் வருடம் எக்ஸ்ரேக்காரிக்கு வேலை போனது. அதே மாதம், சிப்புகள் தேவைக்கு மேல் குவிந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பி விலை பாதியாக விழ, சுவர்கள் உள்ளே நகர ஆரம்பித்தன. கட்டில் சுவருக்குச் சுவர் முட்டியது, பீரோ நசுங்கியது. நாத்தனார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடிவந்து, "மிச்சமாவது தேறட்டும், வித்துத் தொலை" என்றாள். "நீங்க வேணா ஹால்ல படுங்க அண்ணி. நான் விக்கிறதா இல்ல" என்று சொல்லி, எக்ஸ்ரேக்காரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு கடைசி அறைக்குள் போனாள். அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிர்ச் சுவரில் இரு பாதங்களையும் ஊன்றி உட்கார்ந்தாள். பயம் இல்லாமல் இல்லை. கணவன் கதவிடுக்கில் நீட்டிய டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "வித்துடலாமா?" என்று அவன் மெல்லக் கேட்டான். "சர்க்கரை கம்மி" என்றாள் அவள்.

மழைக்காலம் முழுக்கத் தின்றது, தூங்கியது எல்லாம் அங்கேதான். பிறகு மெஷின்களின் பசி கூடியது, விலை திரும்பியது, சுவர்கள் சத்தமில்லாமல் பின்வாங்கின. நாத்தனார் தையல் மெஷினை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

இப்போது அந்தக் கட்டடத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. தங்கள் வீட்டில் விருந்தாளிகள் அதிகமாகிவிட்டால் அவள் கதவைத் தட்டி, "ரூம் ஏதாவது காலியா இருக்கா?" என்பார்கள். பங்குச் சந்தை திறந்திருக்கும் நேரமென்றால், "கொஞ்சம் இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று போனை எடுப்பாள்.