ரயிலை மறித்தவள்

மழை விட்டு வெயில் ஏறியதும் ஏழாம் நம்பர் மலையில் கைகள் வேகமாக ஓடின. சுபாஜினி இரண்டு கையாலும் தேயிலைக் கொழுந்தைப் பறித்துத் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிந்துகொண்டிருந்தாள். பக்கத்து நிரையில் இராக்கம்மா. லயத்தில் அடுத்தடுத்த வீடு. கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து சுபாஜினி அவளை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள்.

நிரையின் மேல்கோடியில் ஒரு நிழல் மரம். அதன் கிளையில் குளவிக்கூடு கூடைப் பருமனில் தொங்கியது. அதை அகற்றச் சொல்லி ஆபீசில் எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. "ஆள் வரும்" என்றார்கள். ஆள் வரவில்லை. பெண்கள் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அந்த மரத்தடியிலேயே பறித்தார்கள்.

கூட்டைக் கலைத்தது காற்றா, பருந்தா, யாரும் பார்க்கவில்லை. இரைச்சல்தான் முதலில் கேட்டது. கூடைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையை மூடிக்கொண்டு சுபாஜினியும் ஓடினாள். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தாள். முழங்கால் வலிக்காரியான இராக்கம்மா நிரைக்குள்ளேயே உட்கார்ந்து, முகத்திலிருந்து எதையோ பிய்த்துப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தாள்.

மருந்தடிக்கும் இளைஞர்கள் புகை போட்டு அவளை இழுத்து வந்தபோது கண்கள் வீங்கி மூடியிருந்தன. மூச்சு விசில்போல வந்தது. அவளுடைய புருஷன் சின்னராசா செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஓடி வந்து, கத்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

தோட்டத்துப் பாதை போன மாரியில் சரிந்து பள்ளத்துக்குள் போயிருந்தது. அதற்குப் பிறகு அம்புலன்சும் இல்லை, ஆட்டோவும் இல்லை. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு பேக்டரிக்குப் போய்விட்டது. மிச்சமிருந்தது பங்களா ரோடு. தோட்டத் தொரையின் பழைய பங்களா ஹோட்டலாக மாறியபோது போட்ட கார்ப்பெட் ரோடு அது. ரோட்டுக்குக் கேட் உண்டு.

இராக்கம்மாவைக் கம்பளியில் கிடத்தி நான்கு பேர் தூக்கினார்கள். சுபாஜினி முன்னால் ஓடிப்போய்க் கேட்டைத் தட்டினாள். உள்ளே வெள்ளை வேன் ஒன்று நின்றது. டிரைவர் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேட் காவலுக்கு நின்ற ஜஸீல் வந்து எட்டிப் பார்த்தார்.

"கேட்டத் தொறங்க ஜஸீல் நானா. உசிரு போகுது. அந்த வேன்ல ஏத்திட்டுப் போயி பதுளை ஆஸ்பத்திரியில விட்டாப் போதும்."

"எனக்கு ஏலாது தங்கச்சி. மேல கேட்டுத்தான் தொறக்கணும். இரிங்க, கோல் எடுக்கிறேன்."

அவர் போனைத் தூரப் பிடித்தபடி பேசியதால் மறுபக்கத்து ஹோட்டல் மனேஜரின் குரல் சுபாஜினிக்கும் கேட்டது. கெஸ்ட் வருகிற நேரம். வேனில் சீட்டெல்லாம் வெள்ளை. தோட்டத்து ஆட்கள் தோட்டத்து ஆபீசில்தான் கேட்க வேண்டும்.

ஜஸீல் போனைப் பைக்குள் போட்டார். கம்பளியின் பக்கம் பார்க்கவில்லை. "என்ட வேலையும் போயிரும் தங்கச்சி" என்றார், தரையைப் பார்த்து.

சுபாஜினி இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்து உலுக்கினாள். இரும்பு கிடுகிடுத்தது. பூட்டு அப்படியே தொங்கியது. "மனுசனாடா நீங்கள்லாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். டிரைவர் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பங்களாவுக்குள் போய்விட்டான்.

"வா புள்ள" என்றார் சின்னராசா. "கீழ ரயிலு வர்ற நேரம்."

மலையடியில் ஹோல்ட் என்கிற சின்ன ரயில் நிறுத்தம் இருந்தது. கொழும்பிலிருந்து வரும் இன்டர்சிட்டி அங்கே நிற்காது. நிற்கிற வண்டி பொழுது சாயும்போதுதான் வரும். எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் சறுக்குப் பாதையில் கம்பளியோடு இறங்கினார்கள்.

வளைவுக்கு அப்பால் ஹாரன் கேட்டது. சுபாஜினி தலையிலிருந்த சிவப்புத் துண்டை உருவிக்கொண்டு தண்டவாளத்துக்கு நடுவே போய் நின்றாள்.

"ஏய் புள்ள, பைத்தியமா? வெளிய வா!" சின்னராசா கத்தினார்.

அவள் வரவில்லை. நீல வண்டி வளைந்து வந்தது. கதவுகளில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். தேயிலைக்காரி தங்களைப் பார்த்துத்தான் துண்டை ஆட்டுகிறாள் என்று நினைத்து அவர்களும் சிரித்தபடி கையசைத்தார்கள். ஹாரன் விடாமல் அலறியது. பிரேக் கிறீச்சிட, எஞ்சின் அவளுக்கு இரண்டு எட்டுத் தூரத்தில் நின்றது. எண்ணெய் வாடையோடு சூடு அவள் முகத்தில் அடித்தது.

ரயில் கார்ட் சிங்களத்தில் திட்டிக்கொண்டே ஓடி வந்தார். கம்பளிக்குள் பார்த்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவரும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். வண்டி நகர்ந்ததும் பதுளைக்குப் போன் போட்டு அம்புலன்ஸ் கேட்டார்.

சீட்டுகளுக்கு நடுவே தரையில் இராக்கம்மாவைக் கிடத்தினார்கள். ஒரு வெள்ளைக்காரி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். பின்னாலிருந்து ஒருவன் போனை உயர்த்திப் படம் எடுத்தான். சுபாஜினி துண்டை நனைத்து இராக்கம்மாவின் உதட்டைத் துடைத்தாள்.

"கூடைய விட்டுட்டு வந்துட்டேன்டி" என்றாள் இராக்கம்மா. நாக்கு தடித்து, குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. "கொழுந்து வாடிரும். நிறுக்க மாட்டாங்க."

"பேசாதீங்க அத்தே. பதுளை வந்துருச்சு."

பதுளைக்கு முந்தின ஹாலிஎலைதான் வந்திருந்தது.

பதுளை ஸ்டேசனில் அம்புலன்ஸ் காத்திருந்தது. சின்னராசா அதில் ஏறினார். பின்னால் ஏறப்போன சுபாஜினியை ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். ரயிலை மறித்தது குற்றம், வாக்குமூலம் எடுக்க வேண்டும். அவளை ஓர் அறைக்குள் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மொழிபெயர்க்க ஸ்டேசன் கிளார்க் குமாரசிங்கம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தண்ணீர் வேணுமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"ஆர் துணி காட்டினது எண்டு கேக்கிறார், பிள்ளை."

"நான்தான். எழுதிக்கச் சொல்லுங்க. குளவிக்கூட்ட எடுக்காதவன் பேரையும் எழுதச் சொல்லுங்க. கேட்டத் தொறக்க விடாதவன் பேரையும் எழுதச் சொல்லுங்க."

குமாரசிங்கம் அதைச் சிங்களத்தில் சொன்னார். பொலிஸ்காரர் பேனாவை நிறுத்திவிட்டு ஏதோ சொன்னார்.

"அது இஞ்ச வராதாம். இஞ்ச ரயில் விசயம் மட்டும்தான்."

சுபாஜினியின் மடியிலிருந்த போன் அடித்தது. சின்னராசா. "போயிட்டாடி உங்கத்தை. ஆஸ்பத்திரி வாசலத் தாண்டல" என்றார். அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

எதிரே இருந்த இருவருக்கும் விளங்கியது. பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். கடைசிக் கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டார். குமாரசிங்கம் அதைச் சொல்லத் தயங்கினார்.

"இனிமேல் இப்பிடிச் செய்யமாட்டன் எண்டு சொன்னால், எச்சரிச்சு விடலாமாம்."

"செய்வேன்" என்றாள் சுபாஜினி. "திரும்பவும் மறிப்பேன். அப்பிடியே எழுதச் சொல்லுங்க."

குமாரசிங்கம் மொழிபெயர்க்கவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மேடையில் பயணப் பைகளின் சில்லுகள் கடகடத்தன. ஒலிபெருக்கி கரகரத்துவிட்டு முதலில் சிங்களத்திலும், பிறகு ஆங்கிலத்திலும், கடைசியில் தமிழிலும் பேசியது. கொழும்பு இன்டர்சிட்டி இன்று தாமதமாகப் புறப்படும். பிரயாணிகளுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மிகவும் வருந்துகிறோம்.