போர்ஃபிரியா பாடாத ஞாயிறுகள்

எலிகியோவின் கிறிஸ்தவ சபையில் மைக் கிடையாது, மேளம் கிடையாது. தகரக் கூரை போட்ட ஒரே அறை. நாற்பது பேர் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கிதாரோடு முன்னால் நின்று பாட்டைத் தொடங்குவான், சனங்கள் சேர்ந்துகொள்வார்கள். பராகுவேயின் அந்தச் செம்மண் ஊரில் அவன் கிதார் வாசிப்புக்கு நல்ல பெயர் இருந்தது.

அவனுக்கு இருந்த ஒரே இடைஞ்சல் போர்ஃபிரியா. அறுபதைத் தாண்டிய, சந்தையில் சீப்பா ரொட்டி விற்கிற பெண். கிதார் தொடங்கும் முன்பே அவள் தொடங்கிவிடுவாள். சுருதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கூவி விற்றுப் பழகிய தொண்டை வேறு.

சபையின் ஆண்டு விழாவுக்குத் தலைநகர் அசுன்சியோனிலிருந்து ஒரு போதகர் வருவதாக இருந்தது. ஒத்திகையைப் போனில் பதிவுசெய்து எலிகியோ கேட்டுப் பார்த்தான். கிதாரே காதில் விழவில்லை, போர்ஃபிரியாதான் விழுந்தாள்.

மறுநாள் அவள் வீட்டு மாமர நிழலில் உட்கார்ந்து, அவள் நீட்டிய குளிர்ந்த தெரெரேத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. விழா அன்னைக்குக் கொஞ்சம் மெதுவாப் பாடுறீங்களா? மத்தவங்களுக்குச் சுருதி பிடிக்கக் கஷ்டமா இருக்கு."

அவள் சிரிக்கத்தான் செய்தாள். "அவ்வளவு மோசமாவா இருக்கு? இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலையே!"

விழாவில் போர்ஃபிரியா பாடவே இல்லை; பாட்டு சுத்தமாக அமைந்தது. போதகர் கிதாரைப் புகழ்ந்தார். எலிகியோவுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஞாயிறும் போர்ஃபிரியா வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மெல்ல மெல்ல மற்றவர்களும் பாட்டை வாய்க்குள்ளேயே முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பின்வரிசை ஆண்கள் கைகட்டி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன ஆச்சு இவங்களுக்கு?" என்று மனைவி நில்டாவிடம் கேட்டான்.

"உனக்குப் புரியலையா? அந்தக்கா போடுற சத்தத்துல நாம பாடுறது வெளிய தெரியாதுன்னு எல்லாரும் தைரியமாப் பாடினோம். இப்ப ஒவ்வொருத்தர் குரலும் தனியாக் கேக்குது. யாருக்குப் பாட வாய் வரும்? கச்சேரி மாதிரி நீ வாசிக்கிற, நாங்க கேக்குறோம்."

அவனுக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே போனான். போர்ஃபிரியா சோளம் துருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க. பழையபடி பாடுங்க."

"மன்னிக்க என்னப்பா இருக்கு? உள்ளதைத்தானே சொன்ன."

"அப்போ வர்ற ஞாயித்துக்கிழமை பாடுவீங்கல்ல?"

அவள் கையை நிறுத்தினாள். "வீட்டுல பாடிப் பாத்தேன்டா. முன்னெல்லாம் பாடினா பாட்டு மட்டும்தான் காதுல விழும். இப்ப வாயைத் திறந்தாலே என் குரல்தான் விழுது. அதைக் கேட்டதும் நின்னுடுது. நான் என்ன பண்ண?"

அவள் மறுபடியும் சோளத்தை எடுத்தாள். "உக்காரு, சூப் சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். அவள் கோபமாக இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அந்த ஞாயிறு அவன் முதல் அடியை மட்டும் வாசித்துவிட்டுக் கிதாரைச் சுவரில் சாய்த்தான். முன்னால் நிற்காமல், போய்ப் பின்வரிசை ஆண்களோடு நின்றான். வேண்டுமென்றே உரக்க, சுருதியைப் பற்றிக் கவலைப்படாமல் பாடினான். அவன் குரல் ஓரிடத்தில் உடைந்தபோது பக்கத்திலிருந்தவர் சிரித்துவிட்டுத் தானும் சேர்ந்துகொண்டார். பிறகு இன்னொருவர். நான்காவது சரணத்தில் தகரக் கூரை அதிர்ந்தது.

போர்ஃபிரியா தாளத்துக்குத் தலையை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தாள். உதடுகள் மூடியே இருந்தன.

வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்குத்தான்டா எல்லாரும் நல்லாப் பாடினாங்க" என்றாள், மனதார.

எலிகியோ அவள் சீப்பாக் கூடையைத் தூக்கிக் கொடுத்தான். அவள் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் செம்மண் பாதையில் நடந்துபோனாள்.