எழுநூறு அடி

சோப்பு நுரைக்கவில்லை. ஜெரூஷா அப்பாவின் கையை ஈரத்துணியால் மறுபடியும் அழுத்தித் தேய்த்தாள். வெள்ளைப் பிசிறாகத் தோலில் ஒட்டியதோடு சரி.

"கேன் தண்ணி கொஞ்சம் இருக்கு. கொண்டு வரவா?" என்றாள் அம்மா ஜெயசீலி.

ஜெரூஷா வேண்டாமென்று தலையசைத்தாள். அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதுதான் நேற்றுக் காலை அப்பா அசரியா இரண்டாவது மாடிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. வயது எழுபத்தொன்று.

முப்பது வருடம் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்தவர். செம்பாக்கத்தின் இந்த ஃபிளாட்டுக்குப் புது போர்வெல் போடப் போகிறார்கள் என்றதும் அசோசியேஷனுக்கு எழுதினார். நமக்குக் கீழே பாறை உடைந்து ஒரு பிளவு ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் பழைய உப்புநீர் தேங்கியிருக்கிறது. முந்நூறு அடியோடு நிறுத்துங்கள், ஆழத்தில் இறைத்தால் அது இந்தப் பக்கம் வந்துவிடும் என்று. மூன்று கடிதங்கள். எழுநூறு அடி போட்டார்கள். முதல் வருடம் தண்ணீர் கொட்டியது. அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த வருடம் பழைய போரும் சேர்ந்து உப்பானது. அன்றிலிருந்து எல்லோருக்கும் கேன் தண்ணீர்தான்.

பதினொரு மணிக்கு அசோசியேஷன் செயலாளர் வைத்தீஸ்வரன் மாலையோடு வந்தார்.

"சார் மாதிரி ஒரு மனுஷன் கெடைக்காதும்மா. யார்கிட்டயும் கொரல் ஒசத்திப் பேசினதில்ல."

"பேசியிருக்கணும் சார்."

மாலையைப் போட்டுவிட்டு அவர் திரும்பினார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? மெஜாரிட்டி சொல்லிச்சு, போட்டோம். உப்பு வரும்னு யாருக்குத் தெரியும்?"

"அப்பாவுக்குத் தெரியும். லெட்டர்ல எழுதியிருந்தாரு. படிச்சீங்களா?"

"ஃபைல்ல வெச்சிருக்கோம்மா."

"படிச்சீங்களான்னு கேட்டேன்."

"ஜெரூ, விடு," என்றாள் அம்மா. வைத்தீஸ்வரன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார்.

மூன்று மணிக்குப் போதகர் ஜெபத்தை முடித்தார். பெட்டியை மூடினார்கள். தூக்க நான்கு பேர் வேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வைத்தீஸ்வரன் முன்மூலைக்கு வந்து குனிந்தார். ஜெரூஷா அவர் மணிக்கட்டைப் பற்றி, பெட்டியின் கைப்பிடியிலிருந்து விலக்கினாள்.

"நீங்க வேணாம்."

வைத்தீஸ்வரன் விலகிப் படியிறங்கினார். அவள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. குறுகலான படியில் பெட்டி இறங்கியபோது, கீழே போய் நின்றிருந்த வைத்தீஸ்வரன் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.